அதிவேக டர்போ ஸ்போர்ட்ஸ் கார் அன்றாட ஓட்டத்துக்கு இன்பம் தருமா?

ஒரே ஒரு ஸ்போர்ட்ஸ் கார்தான் வைத்துக்கொள்ள முடியும், வேலைக்குப் போவது, சாமான் வாங்குவது, வெளியூர் செல்வது எல்லாமே அதில்தான் என்ற நிலையில் இருப்பவருக்கு, எவ்வளவு வேகமான காரை வாங்குவது என்பது எளிதில் விடை கிடைக்காத கேள்வி. கார் நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடுகிறது என்பதையே விளம்பரங்கள் முன்னால் நிறுத்துகின்றன. அந்த எண் குறையக் குறைய ஓட்டும் இன்பம் கூடும் என்று நாமும் எடுத்துக்கொள்கிறோம். அன்றாடச் சாலையில் அப்படி நடப்பதில்லை என்பது என் கருத்து. அங்கே இன்பம் தருபவை இரண்டு: காரின் திறனில் எவ்வளவு பங்கை நம்மால் உண்மையில் பயன்படுத்த முடிகிறது என்பதும், கால் கேட்டதை என்ஜின் கேட்ட அளவிலேயே தருகிறதா என்பதும்.

இந்த இரண்டையும் வைத்து மூன்று வகைக் கார்களை ஒப்பிடலாம். 550 குதிரைத்திறனைத் தாண்டும் பெரிய டர்போ கார்கள் முதல் வகை. போர்ஷே 911 டர்போ எஸ், மெக்லாரன் 720எஸ், நிஸான் ஜிடி-ஆர் ஆகியவற்றின் பிந்தைய மாடல்கள் இதில் அடங்கும். மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிஆர்86 போன்ற டர்போ இல்லாத, எடை குறைந்த கார்கள் இரண்டாவது. ஆல்பீன் ஏ110, டொயோட்டா ஜிஆர் யாரிஸ் போன்ற, சிறிய டர்போ என்ஜினை எடை குறைந்த உடலில் வைத்த கார்கள் மூன்றாவது. பெரும்பாலானவர்களுக்கு நான் பரிந்துரைப்பது மூன்றாவது வகையைத்தான். முதல் வகை பொருந்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் யார் என்று சொல்வதற்கு, டர்போ ஓட்டுபவரின் காலுக்கும் சக்கரத்துக்கும் இடையில் என்ன செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

என்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சிறிய டர்பைனைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரஸர் வெளிக்காற்றை அழுத்திச் சிலிண்டர்களுக்குள் அனுப்புகிறது. காற்று கூடுதலாகப் போவதால் பெட்ரோலையும் கூடுதலாக எரிக்க முடிகிறது. சிறிய என்ஜினே பெரிய என்ஜினின் சக்தியைத் தருகிறது. முழுவீச்சில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலும். ஆக்சிலரேட்டரை மிதித்த கணத்தில் அந்த வேகம் வந்துவிடாது. புகை கூட வேண்டும், அது டர்பைனை முடுக்க வேண்டும், அழுத்தப்பட்ட காற்று குழாய்களையும், அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் நிறைக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் நேரத்தைத்தான் டர்போ லேக் என்கிறோம்.

1975-இல் விற்பனைக்கு வந்த முதல் போர்ஷே 911 டர்போவில் ஒரே ஒரு பெரிய டர்போவும் நான்கே கியர்களும் இருந்தன, 3.0 லிட்டர் என்ஜின் 260 குதிரைத்திறன் தந்தது. வளைவின் நடுவில் மிதித்தால் சற்று நேரம் ஒன்றும் நடக்காது, பிறகு சக்தி மொத்தமாக வந்து சேரும், மிரண்டுபோய்க் காலை எடுத்தால் என்ஜினின் எடையைச் சுமந்த பின்பகுதி வெளிப்பக்கம் வீசும். சாப் நிறுவனம் 1977-இல் காட்சிக்கு வைத்த 99 டர்போ வேறு வழியில் போனது. உச்ச சக்தியைத் துரத்தாமல், சிறிய டர்பைனையும் காற்றழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் வேஸ்ட்கேட்டையும் கொண்டு, சாதாரணமாக ஓட்டும் வேகங்களிலேயே இழுவை கிடைக்கும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. குடும்பத்தோடு போகும் காரிலும் டர்போ இருக்கலாம் என்ற நம்பிக்கைக்கு வழி திறந்த கார்களில் அது முதன்மையானது. இன்றும் நம் முன் இருக்கும் தேர்வு ஏறக்குறைய இந்த இரண்டு போக்குகளுக்கும் இடையிலானதுதான்.

பெரிய டர்போ கார்கள் அதன் பிறகு மிகவும் பக்குவப்பட்டுவிட்டன என்பதை மறுக்க முடியாது. 911 டர்போவுக்கு 1995-இல் இரண்டு சிறிய டர்போக்களும் நான்கு சக்கர இயக்கமும் வந்தன. 2006-இல் டர்பைனைச் சுற்றியுள்ள தகடுகள் புகையின் அளவுக்கேற்பத் தம் கோணத்தை மாற்றிக்கொள்ளும் அமைப்பு வந்தது. 2020-இல் வந்த டர்போ எஸ் 650 குதிரைத்திறனும், 2,500 ஆர்பிஎம்-இலிருந்தே (நிமிடத்துக்கு என்ஜின் சுழலும் சுற்றுகள்) 800 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்றும் விசை) கொண்டது. நூறு கிலோமீட்டர் வேகத்தை 2.7 நொடியில் எட்டும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. சராசரியாகத் தன் எடைக்கு ஏறக்குறையச் சமமான விசை தன்னைப் பின்னாலிருந்து தள்ளுவதைப் பயணி அந்த 2.7 நொடியிலும் உணர்வார். முதல் முறை அனுபவிப்பவர் வாய்விட்டுச் சிரித்துவிடுவார். அதை மலிவான கிளர்ச்சி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

அந்த 2.7 நொடி முடிந்த பிறகு என்ன என்பதுதான் கேள்வி. சமதளமான சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தக்கவைக்க ஒரு சராசரிக் காருக்குச் சுமார் 20 குதிரைத்திறன் போதும்; 650 குதிரைத்திறன் கொண்ட காரில் அது மூன்று விழுக்காடு. மீதியைத் தொடுவதற்கு வேகம் கூட்டும் தருணங்கள் மட்டுமே வாய்ப்பு, அந்தத் தருணங்களோ தொடங்கியவுடன் முடிந்துவிடுகின்றன. 184 குதிரைத்திறன் கொண்ட எம்எக்ஸ்-5 அதே நூறை எட்ட சுமார் ஆறரை நொடி எடுத்துக்கொள்கிறது. அந்த ஆறரை நொடியில் ஓட்டுபவர் என்ஜினை 7,500 ஆர்பிஎம் வரை ஏற்றுகிறார், கிளட்சை மிதிக்கிறார், கியரை மாற்றுகிறார், மறுபடி ஏற்றுகிறார், அந்த நேரம் முழுவதும் காரின் மொத்தத் திறனையும் செலவழிக்கிறார். சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள்ளேயே இவ்வளவும் நடந்துவிடுகிறது. டர்போ எஸ் ஓட்டுபவரோ ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து, மனதுக்குள் மூன்று எண்ணுவதற்குள் காலை எடுத்தாக வேண்டும். விரைவுச் சாலையில் சேரும் இணைப்புப் பாதையில் மிதித்தால், பாதை முடிவதற்கு வெகு முன்பே வேக வரம்பு முடிந்துவிடுகிறது.

என்ஜின் பதில் சொல்லும் விதம் இதைவிட முக்கியம். கார் வாங்குபவர்கள் குறைவாகக் கவனிப்பதும் அதைத்தான். மழையில் ஒரு ரவுண்டானாவைச் சுற்றி வெளியேறுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். டர்போ இல்லாத காரில் ஆக்சிலரேட்டரைக் கால்பங்கு அழுத்தினால், அந்தக் கால்பங்குக்கு உரிய இழுவை உடனே சக்கரத்துக்குப் போகிறது. டயரின் பிடி தளரத் தொடங்கினால் இருக்கையின் வழியே தெரிகிறது, காலை ஓர் இம்மி தளர்த்தினால் அதுவும் உடனே நடக்கிறது. பெரிய டர்போ காரில் அதே கால்பங்கு முதலில் சிறிய பதிலைத் தருகிறது. கால் அசையாமல் அதே இடத்தில் இருக்க, காற்றழுத்தம் ஏற ஏற இழுவை தானாகவே கூடிக்கொண்டு போகிறது. நாம் கேட்டது ஒன்று, அரை நொடி கழித்துக் கிடைப்பது வேறொன்று. நான்கு சக்கர இயக்கமும் எலெக்ட்ரானிக் கட்டுப்பாடுகளும் காரைத் தடுமாறாமல் காப்பாற்றிவிடும். ஆனால் காலும் சக்கரமும் பேசிக்கொள்ளும் அந்த உறவை அவற்றால் மீட்டுத் தர முடியாது. மெதுவாகப் போகும்போதும் ஒரு காரை ரசிக்க வைப்பது அந்த உறவுதான் என்பதால், இந்தக் குறையை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இதைக் கார் நிறுவனங்களும் நன்றாகவே அறிந்திருக்கின்றன. டர்போ இல்லாத ஃபெராரி 458 இட்டாலியா, 570 குதிரைத்திறனை 9,000 ஆர்பிஎம்-இல் தந்தது; அதன் டார்க் 540 நியூட்டன் மீட்டர். 2015-இல் அதன் இடத்துக்கு வந்த 488 ஜிடிபி-இல் இரட்டை டர்போவும் 670 குதிரைத்திறனும் 760 நியூட்டன் மீட்டரும் இருந்தன. ஆனால் அந்த 760 முழுவதையும் ஃபெராரி கடைசிக் கியரில் மட்டுமே தந்தது; கீழ்க் கியர்களில் டார்க்கைக் குறைத்து, சுற்று ஏற ஏற இழுவையும் ஏறுவதாக உணரும்படி வடிவமைத்தது. இருக்கும் சக்தியை வேண்டுமென்றே பிடித்துவைத்து, டர்போ இல்லாத என்ஜினின் இயல்பை வரவழைக்க அவ்வளவு உழைத்திருக்கிறார்கள் என்றால், எது இழக்கத் தகாதது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பெரிய டர்போ கார் உண்மையிலேயே மேலோங்கி நிற்கும் இடங்களும் உண்டு. இருவழிச் சாலையில் நீளமான லாரியை முந்தும்போது எதிர்ப்பக்கத்தில் கழிக்கும் நேரம் அதில் வெகுவாகக் குறைகிறது; அது பெரிய பாதுகாப்பு. உயரமான மலைப்பாதையில் காற்று மெலிகிறது, டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் சுமார் பத்து விழுக்காடு சக்தியை இழக்கிறது. டர்போ அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. நீண்ட விரைவுச் சாலைப் பயணத்தில் 911 டர்போ போன்ற கார் பதற்றமே இல்லாமல், குறைந்த சுற்றில், கியர் மாற்றும் தேவையின்றி நாள் முழுக்க ஓடும். அன்றாடம் என்பது உங்களுக்கு நகரங்களுக்கு இடையிலான நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் என்றால், வேகத்தைக் குறைத்தும் கூட்டியும் ஓட்ட வேண்டிய வேலை அடிக்கடி வரும் என்றால், ரேஸ் டிராக்கில் ஓட்டவும் அவ்வப்போது வாய்ப்பு இருக்கிறது என்றால், முதல் வகை வீண் ஆடம்பரம் ஆகாது. அப்படிப்பட்டவர் அந்த வகையிலும் 911 டர்போவின் வழியைப் பின்பற்றும் காரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தெளிவான பார்வை, பின்னால் சிறியவர்கள் உட்காரும் இருக்கை, முன்பக்கத்தில் பெட்டி வைக்க இடம் ஆகிய மூன்றும் தினமும் பயன்படும். மெக்லாரன் 720எஸ்-இல் இருப்பது போன்ற, மேல்நோக்கித் திறக்கும் கதவுகள் நெருக்கமான வாகன நிறுத்தத்தில் தினமும் சோதிக்கும்.

இதற்கு எதிர்முனையில், டர்போ இல்லாத என்ஜின் எல்லாமே அன்றாடத்துக்கு ஏற்றது என்று நினைப்பதும் தவறு. 1999-இல் வந்த ஹோண்டா எஸ்2000-இன் 2.0 லிட்டர் என்ஜின் 9,000 ஆர்பிஎம் வரை சுழலும் அற்புதமான படைப்பு. ஆனால் அதன் முழு டார்க் 7,500-இல்தான் கிடைத்தது, நகரத்தில் அந்த உயரத்துக்கு ஏறும் வாய்ப்பு அரிது. போர்ஷே 718 கேமன் ஜிடிஎஸ் 4.0-இன் ஆறு சிலிண்டர் என்ஜின் இனிமையானது, ஆனால் அதன் கியர்கள் நீளமானவை. இரண்டாம் கியரே 130 கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். பல நாடுகளில் அந்த என்ஜினை உச்சம் வரை கேட்க முதல் கியரோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். டர்போ இல்லாததாலேயே ஒரு கார் கைக்கெட்டும் காராகிவிடாது. எடையும் கியர் அமைப்பும் சாலைக்கு ஏற்ப இருக்க வேண்டும்.

எம்எக்ஸ்-5 அதைத்தான் 1989 முதல் செய்துவருகிறது. இன்றைய 2.0 லிட்டர் மாடலின் எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டுகிறது; டயரின் அகலம் 205 மில்லிமீட்டர்தான், எனவே பிடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மிதமான வேகத்திலேயே புரிகிறது. கியர் லீவர் மணிக்கட்டின் அசைவுக்கே வந்துவிடுகிறது. காய்கறி வாங்கப் போகும் பத்து நிமிடத்திலும் ஒரு நல்ல வளைவும் இரண்டு நல்ல கியர் மாற்றங்களும் கிடைத்துவிடும் என்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். தினமும் ஓட்டுபவருக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் இன்பம் அப்படித்தான் சேர்கிறது. குறைகளையும் சொல்ல வேண்டும். விரைவுச் சாலையில் காற்றின் இரைச்சல் களைப்பூட்டும். ஏற்றத்தில் முந்த வேண்டுமென்றால் முன்கூட்டியே திட்டமிட்டு, இரண்டு கியர் இறக்கி, காத்திருந்து முந்த வேண்டும். 2012-இல் வந்த முதல் டொயோட்டா 86-இல் நடுச் சுற்றில் டார்க் தொய்ந்துபோகும் குறை இருந்தது; ஜிஆர்86-இல் என்ஜினை 2.4 லிட்டராக்கி, 250 நியூட்டன் மீட்டரை 3,700 ஆர்பிஎம்-இலேயே தந்து அதைச் சரிசெய்தார்கள். டர்போ இல்லாமலே நடுவேக இழுவையைக் கூட்ட முடியும் என்பதற்கு அது நல்ல சான்று.

மூன்றாவது வகைக்கு நான் முதலிடம் தருவதன் காரணம், அது முந்தும் வசதியையும் கால் பேச்சைக் கேட்கும் குணத்தையும் ஒரே காரில் கிட்டத்தட்டச் சேர்த்துத் தருவதுதான். ஆல்பீன் ஏ110-இன் 1.8 லிட்டர் டர்போ என்ஜின் அறிமுகமானபோது 252 குதிரைத்திறனும், 2,000 ஆர்பிஎம்-இலிருந்தே 320 நியூட்டன் மீட்டரும் கொண்டிருந்தது. காரின் எடை சுமார் 1,100 கிலோ. டர்பைன் சிறியது என்பதால் விரைவாக முடுக்கம் பெறுகிறது. கார் இலேசானது என்பதால் காற்றழுத்தம் ஏறுவதற்கு முன் கிடைக்கும் இழுவையே அதை நகர்த்தப் போதுமானதாக இருக்கிறது. இந்த இரண்டாவது காரணம் பலரும் கவனிக்காதது: டர்போ லேக் எவ்வளவு உறுத்துகிறது என்பதை டர்போ மட்டும் தீர்மானிப்பதில்லை, அது இழுக்க வேண்டிய எடையும் தீர்மானிக்கிறது. ஒரு டன் எடைக்கு எவ்வளவு குதிரைத்திறன் என்று கணக்கிட்டால் எம்எக்ஸ்-5-க்கு ஏறக்குறைய 175, ஏ110-க்கு 230, டர்போ எஸ்-க்கு 400 வருகிறது. பொதுச் சாலையில் 250-ஐத் தாண்டிய பிறகு கூடும் ஒவ்வொன்றும், பயன்படுத்துவதற்கு அல்லாமல் அடக்கிவைப்பதற்கே கூடுகிறது என்பது என் மதிப்பீடு.

ஏ110-இல் சாமான் வைக்க இடம் குறைவு, கிளட்ச் பெடலும் கிடையாது. கையால் கியர் போட விரும்புகிறவருக்கு ஜிஆர் யாரிஸ் இருக்கிறது, 1.6 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ என்ஜின், நான்கு சக்கர இயக்கம், 1,280 கிலோ எடை. அதன் சஸ்பென்ஷன் இறுக்கமானது, பின்இருக்கை ஒப்புக்குத்தான். பிள்ளைகளோடு தினமும் போகிறவர் ஹோண்டா சிவிக் டைப் ஆர்-ஐப் பார்க்கலாம். முன்சக்கர இயக்கத்தில் அவ்வளவு நயமாக ஓடும் வேறு கார்கள் மிகக் குறைவு.

பராமரிப்பில் அதிகம் விவரிக்க ஒன்றுமில்லை, ஆனால் மறந்துவிடவும் கூடாது. டர்போவின் வெப்பம் எண்ணெயைச் சோதிப்பதால், அதைக் குறித்த காலத்தில் மாற்றியே ஆக வேண்டும். காலையில் எண்ணெய் சூடேறும் வரை மெதுவாகவும், கடுமையாக ஓட்டியபின் நிறுத்துவதற்கு முன் சில நிமிடம் மெதுவாகவும் ஓட்ட வேண்டும். ஐந்தே கிலோமீட்டர் தூரத்தில் வேலைக்குப் போகிறவரின் கார் முழுமையாகச் சூடேறவே ஏறாது. அவர் பெரிய டர்போ காரை அதற்குரிய விதத்தில் ஓட்டும் வாய்ப்பே பெரும்பாலும் வராது. டர்போ எஸ்-இன் பின்டயர் 315 மில்லிமீட்டர் அகலமும், அந்த அகலத்தில் 30 விழுக்காடு மட்டுமே பக்கவாட்டு உயரமும் கொண்டது. ஒரு கூரான பள்ளத்தில் டயரோடு சக்கரமும் கெட்டுப்போகலாம். ஒலியிலும் டர்பைன் குறுக்கே நிற்பதால் என்ஜினின் குரல் மழுங்குகிறது. ஒலிக்காக வாங்குகிறவர் டர்போ இல்லாத வகைக்கே போகட்டும்.

இன்னொன்றும் என் மனதில் இருக்கிறது. சந்திப்பில் காத்திருக்கும் இன்னொரு ஓட்டுநரும், சாலையைக் கடக்க நிற்பவரும், வரும் வண்டியின் தூரத்தைப் பார்த்தே தம் நேரத்தைக் கணிக்கிறார்கள். மற்ற வண்டிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மூன்று நொடிக்குள் நூறை எட்டும் வண்டி எப்போது வந்து சேரும் என்பது பிடிபடாது. அந்தச் சக்தியை வைத்திருப்பவர் நாள்தோறும் அவர்களுக்காகவும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஓட்ட வேண்டும். பொறுப்புள்ளவர்கள் அதைச் செய்கிறார்கள், ஆனால் அந்த விழிப்பு ஓட்டத்தின் இன்பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.

தேர்வு இரண்டு கார்களுக்குள் சுருங்கிய பிறகு, சோதனை ஓட்டத்தை விற்பனையாளர் காட்டும் நேர்சாலையோடு முடித்துவிடாதீர்கள். நெரிசல் நேரத்தில், நீங்கள் தினமும் போகும் பாதையிலேயே ஓட்டிப் பாருங்கள். நகர்ந்து நகர்ந்து நிற்கும்போது தானாகக் கியர் மாற்றும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் உதறுகிறதா என்று பாருங்கள். பிறகு மூன்றாம் கியரில் 2,000 ஆர்பிஎம்-இல் காரை நிதானப்படுத்தி, ஆக்சிலரேட்டரைப் பாதி மட்டும் அழுத்தி, காலை அசைக்காமல் வைத்திருங்கள். இழுவை சீராக வந்து ஓர் அளவில் நிலைக்கிறதா, நீங்கள் கேட்காமலே ஏறிக்கொண்டு போகிறதா என்பது அந்தச் சில நொடிகளில் தெரிந்துவிடும். ஏறிக்கொண்டு போனால், அதே காரின் குறைந்த சக்தி கொண்ட மாடலையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.